விரியும் வரிகள்: உருளும் பட்டியல்களில் 'திறந்த நிலை' கையாளப்பட்ட வரலாறு

ஆய்வுப் பொருள்

கைபேசியில் ஒரு நீண்ட பட்டியலை உருட்டிச் செல்கிறோம். ஒரு வரியைத் தொட்டால் அதன் கீழே விவரம் விரிகிறது. மறுபடி தொட்டால் மடங்குகிறது. பயனருக்கு நொடியில் முடிந்துவிடும் இச்செயல் நிரலாளர் முன் மூன்று கேள்விகளை வைக்கிறது. எது திறந்திருக்கிறது என்ற தகவலை எங்கே வைப்பது? விரிவதால் மாறும் உயரத்தை எப்படிக் கணக்கிடுவது? மேலே ஒன்று விரியும்போது, பயனர் படித்துக்கொண்டிருக்கும் இடம் நழுவாமல் எப்படிக் காப்பது?

1968 முதல் இன்றுவரை இம்மூன்றுக்கும் கிடைத்த விடைகளை இக்கட்டுரை வரிசைப்படுத்துகிறது. இதில் 'உருப்படி' என்பது தரவில் உள்ள பொருளையும், 'வரி' என்பது அதற்காகத் திரையில் வரையப்படும் பகுதியையும் குறிக்கும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதிய காலங்களில் பிழைகள் பெருகின, பிரித்துக் கண்ட காலங்களில் தீர்வுகள் பிறந்தன என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

தொடக்கம்: மடக்கிக் காட்டும் ஆவணங்கள்

1968 டிசம்பர் 9 அன்று சான்ஃபிரான்சிஸ்கோவில் நடந்த கணினி மாநாட்டில், டக்ளஸ் எங்கல்பார்ட் தம் குழுவினர் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் உருவாக்கிய என்.எல்.எஸ். அமைப்பைச் செய்துகாட்டினார். கடையில் வாங்க வேண்டிய பொருள்களைப் பட்டியலிட்டு, வகைப்படுத்தி, தலைப்புகளை மட்டும் காட்டும்படி சுருக்கி, பின்னர் விரித்தார். எத்தனை மட்டங்கள் தெரிய வேண்டும், ஒவ்வொன்றிலும் எத்தனை அடிகள் தெரிய வேண்டும் என்பதைப் பயனரே கட்டளையிடலாம்.

1983-இல் டேவ் வைனரின் லிவிங் வீடியோடெக்ஸ்ட் நிறுவனம் வெளியிட்ட 'திங்க்டேங்க்', தலைப்புகளைத் தனித்தனியே விரித்து மடக்கும் பழக்கத்தை வீட்டுக் கணினிகளுக்குக் கொண்டுவந்தது. 1991-இல் வெளிவந்த மெக்கின்டாஷ் 'சிஸ்டம் 7', கோப்புப் பட்டியலில் கோப்புறைப் பெயருக்கு முன் ஒரு சிறு முக்கோணத்தை வைத்தது. பக்கவாட்டில் நோக்கினால் மூடியது, கீழ்நோக்கினால் திறந்தது. இன்றைய திரைகளிலும் அந்த வழக்கம் தொடர்கிறது.

மர வடிவப் பட்டியல்கள்

விண்டோஸ் 95 வழங்கிய 'ட்ரீவியூ', விரியும் பட்டியலை எந்த நிரலாளரும் எடுத்தாளக்கூடிய ஆயத்தக் கூறாக்கியது. பிள்ளை உருப்படிகளை முன்கூட்டியே நிரப்பத் தேவையில்லை. பயனர் விரிக்க முனையும்போது வரும் அறிவிப்பைக் கேட்டு அப்போது நிரப்பினால் போதும். உயரத்தில் மட்டும் அது இறுக்கமாக இருந்தது. ஒரு வரி உயரமாக வேண்டுமானால் அடிப்படை உயரத்தின் முழு எண் மடங்காகவே இருக்க முடியும்.

1998-இன் ஜாவா ஸ்விங்கில் வந்த 'ஜேட்ரீ' இரண்டு விதங்களில் முன்னேறியது. திறந்த நிலையைத் திரையில் வரையப்படும் வரியில் வைக்காமல், வேரிலிருந்து அந்த உருப்படி வரை செல்லும் பாதையைத் திறவுகோலாகக் கொண்ட ஓர் அட்டவணையில் வைத்தது. உயரக் கணக்குக்கு இரண்டு தனி வகுப்புகளைத் தந்தது: எல்லா வரிகளும் ஒரே உயரம் என்றால் ஒன்று, வேறுபட்டால் மற்றொன்று. சீரான உயரம் உறுதியானால் நூறாயிரமாவது வரியின் இடத்தை ஒரே பெருக்கலில் அறியலாம். இல்லையேல் அதற்கு முந்தைய வரிகளின் உயரங்களையெல்லாம் கூட்ட வேண்டும். மாக் ஓஎஸ் எக்ஸின் 'என்எஸ்அவுட்லைன்வியூ'வும் வரி எண்ணைக் கேட்காமல் உருப்படியையே கேட்டது; திறந்தவற்றை நிலையான அடையாளம் கொண்டு சேமித்து, நிரலை மீண்டும் தொடங்கும்போது மீட்கவும் வழி செய்தது.

2008: மறுசுழற்சியும் அதன் விலையும்

முதல் ஐபோனின் நினைவகம் 128 எம்.பி.; முதல் ஆண்ட்ராய்டு கைபேசியான ஜி1-இல் 192 எம்.பி. ஆயிரம் உருப்படிகளுக்கு ஆயிரம் வரிகளைக் கட்டி வைத்திருக்க அங்கே இடமில்லை. ஆகவே ஐபோனின் 'யூஐடேபிள்வியூ', ஆண்ட்ராய்டின் 'லிஸ்ட்வியூ' இரண்டும் ஒரே உத்தியைக் கையாண்டன. திரையில் தெரியும் அளவுக்கே வரிகளை உருவாக்கி, மேலே மறைந்த வரியைக் கீழே புதிதாக வரும் உருப்படிக்கு மறுபடி பயன்படுத்தின.

இந்தச் சிக்கனம் உலகெங்கும் நிரலாளரை அலைக்கழித்த ஒரு பிழைக்கும் வழிவிட்டது. விவரப் பகுதியைத் திறக்க, கையிலிருக்கும் வரியிடமே 'உன் கீழ்ப்பகுதியைக் காட்டு' என்று பலர் எழுதினர். மூன்றாவது உருப்படியை விரித்துவிட்டுக் கீழே உருட்டினால், யாரும் தொடாத பதினைந்தாவது உருப்படி திறந்து நிற்கும். காலி செய்துபோனவரின் பெயர்ப்பலகை தொங்கும் வாடகை வீட்டில் புதியவர் குடியேறியது போன்ற நிலை அது. வரி மறுபடி பயன்பட்டது. அதில் ஒட்டியிருந்த நிலையும் கூடவே வந்தது.

ஆண்ட்ராய்டின் முதல் பதிப்பிலேயே இதற்கு விடை இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. 'எக்ஸ்பாண்டபிள் லிஸ்ட்வியூ' என்ற கூறு குழு, பிள்ளை என இரு மட்டங்களை மட்டும் ஏற்றது. அதன் உள்ளே உள்ள இணைப்பு வகுப்பு, திறந்திருக்கும் குழுக்களின் குறிப்புகளை மட்டும் வரிசையாக வைத்துக்கொள்கிறது. பட்டியலின் நாற்பதாவது இடத்தில் எது வர வேண்டும் என்று கேட்டால், அக்குறிப்புகளில் இருபாதித் தேடல் நடத்தி, எந்தக் குழுவின் எத்தனையாவது பிள்ளை என விடை தருகிறது. அந்த விடையை 64 பிட் எண் ஒன்றில் அடக்குகிறது: வகைக்கு 1 பிட், குழுவுக்கு 31, பிள்ளைக்கு 32. மரத்தைத் தட்டையான பட்டியலாக மாற்றிக் காட்டும் இந்த எண்ணமே பின்னாளில் வந்த பல தீர்வுகளின் அடித்தளம். விரிதல் என்பது ஒரு வரி பெரிதாவதன்று, பட்டியலில் புதிய உருப்படிகள் நுழைவது என்று அது காட்டியது.

உயரத்தை மதிப்பிடுதல்

ஐபோனில் வரிகளின் உயரம் வேறுபட்டால், பட்டியல் தோன்றுமுன்பே ஒவ்வொரு உருப்படிக்கும் உயரம் கேட்கப்பட்டது. ஆயிரம் உருப்படிகளைத் தாண்டினால் இது திரையைத் தாமதப்படுத்தும். 2013-இல் ஐஓஎஸ் 7 'மதிப்பீட்டு உயரம்' என்ற வழியைத் திறந்தது: கண்ணில் படும் வரிகளை மட்டும் அளந்து, மற்றவற்றுக்கு உத்தேச அளவு வைப்பது. அடுத்த ஆண்டின் ஐஓஎஸ் 8, வரி தன் உயரத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்ள இடமளித்தது. மதிப்பீடு உண்மையிலிருந்து விலகினால் உருட்டும்போது பட்டியல் துள்ளும் என்பது இதன் விலை. ஒருமுறை அளந்த உயரத்தை உருப்படியின் அடையாளத்தோடு சேமித்து, அடுத்த முறை அதையே மதிப்பீடாகத் தருவதே தேர்ந்தவர்கள் கண்ட மருந்து.

தமிழ் இடைமுகங்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். நீண்ட சொற்களும் எழுத்துகளின் மேலும் கீழும் நீளும் குறிகளும் கொண்ட தமிழ் வரி, ஆங்கிலத்துக்கென நிர்ணயித்த உயரத்தில் பல வேளைகளில் அடங்குவதில்லை.

அடையாளமும் வேறுபாட்டுக் கணக்கும்

2014-இல் ஆண்ட்ராய்டு 'ரீசைக்ளர்வியூ'வைக் கொண்டுவந்தது. இத்தனையாவது இடத்தில் இத்தனை உருப்படிகள் நுழைந்தன என்று நிரல் அறிவித்தால், விரிதலை அது அசைவோடு காட்டும். ஆனால் அறிவிப்பும் தரவும் பொருந்த வேண்டும். ஐபோனிலும் வரிகளின் எண்ணிக்கை பொருந்தாதபோது செயலி அங்கேயே நின்றுபோனது.

இதற்குத் தீர்வு பழைய கோட்பாடுகளிலிருந்து வந்தது. யூஜீன் மையர்ஸ் 1986-இல் வெளியிட்ட வேறுபாட்டுக் கணிமுறையை 2016-இல் ஆண்ட்ராய்டின் 'டிஃப்யூட்டில்' பயன்படுத்தியது. அதே ஆண்டு இன்ஸ்டாகிராம் வெளியிட்ட 'ஐஜிலிஸ்ட்கிட்', பால் ஹெக்கல் 1978-இல் எழுதிய முறையைத் தழுவியது. கோப்புகளின் இரு பதிப்புகளை ஒப்பிடப் பிறந்த கணிதம், பட்டியலின் இரு நிலைகளை ஒப்பிடப் பயன்பட்டது. நிரலாளர் பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் தந்தால் போதும். எது நுழைந்தது, எது நீங்கியது என்பதைக் கணிமுறையே கண்டுபிடிக்கும். 2019-இல் ஐஓஎஸ் 13 இவ்வழிக்கு வந்தது. 2020-இல் ஐஓஎஸ் 14 விரிதலையும் மடங்குதலையும் பட்டியலின் நிலையைக் குறிக்கும் தரவுப் படிமத்தின் பகுதியாகவே ஆக்கியது. இவையனைத்தும் ஒவ்வொரு உருப்படிக்கும் மாறாத அடையாளம் வேண்டும் என்ற ஒரே நிபந்தனையில் நிற்கின்றன.

பழைய பிழை, தலைகீழாக

2021-இல் முதல் நிலையான பதிப்பு கண்ட, ஆண்ட்ராய்டின் இடைமுகக் கருவித்தொகுப்பான ஜெட்பேக் கம்போஸில் வரிகளை நிரலாளர் கையாள்வதில்லை. தரவின் தற்போதைய நிலைக்குத் திரை எப்படி இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதுகிறார். ஆயினும் சிக்கல் மறையவில்லை. அதன் உருளும் பட்டியலான 'லேஸிகாலம்', பார்வையிலிருந்து நீங்கிய வரியைக் களைந்துவிடும். திறந்த நிலையை வரிக்குள் வெறும் நினைவாக வைத்திருந்தால், உருட்டிவிட்டுத் திரும்பும்போது விரித்தது மூடியிருக்கும். 2008-இல் நிலை தவறான உருப்படியில் ஒட்டியது. இங்கே நிலையே தொலைகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: வரியின் ஆயுளை உருப்படியின் ஆயுள் என்று எண்ணியது.

படிக்கும் இடத்தைக் காத்தல்

மூன்றாவது கேள்விக்கு விடை கிடைக்க நெடுங்காலமாயிற்று. 2017 தொடக்கத்தில் வந்த குரோம் 56 உலாவி, திரையில் தெரியும் ஓர் உறுப்பை நங்கூரமாகத் தேர்ந்து, மேலே ஏதேனும் வளர்ந்தால் அந்த அளவுக்கு உருளலைச் சரிசெய்யத் தொடங்கியது. கம்போஸ் பட்டியலில் உருப்படிகளுக்குத் திறவுகோல் தந்திருந்தால், மேலே புதியவை நுழைந்தாலும் முதலில் தெரிந்த உருப்படி தன் இடத்திலேயே நிற்கும். இங்கும் நிலைநிறுத்துவது அடையாளமே.

பார்வையற்ற பயனர்களின் உரிமையும் இவ்வரலாற்றில் சேரும். 2014 மார்ச்சில் இணைய அணுகல் தரமாகப் பரிந்துரைக்கப்பட்ட வை-ஏரியா 1.0, ஒரு பகுதி திறந்ததா மூடியதா என்பதையும், பட்டியலின் ஒரு பங்கு மட்டும் பக்கத்தில் இருக்கும்போது மொத்தம் எத்தனை, இது எத்தனையாவது என்பதையும் திரைவாசிப்பானுக்குச் சொல்லும் வழியை வகுத்தது. முக்கோணம் திரும்புவதைக் காண இயலாதவருக்கு இந்த அறிவிப்பே கண்.

முடிவுரை

அரை நூற்றாண்டுக்கும் மேலான இத்தேடலில் மூன்று முடிவுகள் தெளிவாகின்றன. திறந்த நிலை உருப்படிக்குச் சொந்தம்; அதை மாறாத அடையாளத்தோடு தரவில் வைக்க வேண்டும். உயரத்தை அளந்து நினைவில் கொள்ள வேண்டும். விரிதலுக்குமுன் பயனர் கண்ட இடம், விரிந்தபின்னும் அவர் கண்முன்னேயே இருக்க வேண்டும். புதிய கருவித்தொகுப்பு எது வந்தாலும், அதைக் கற்கும் தமிழ் நிரலாளர்கள் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இந்த வரி மறைந்தபின், அதன் நிலை எங்கே வாழ்கிறது? இதற்குத் தெளிவான விடை இல்லாத நிரலைப் பயனரிடம் கொடுக்கக் கூடாது.