14 வயசுப் பையன் கப்பலில் எங்கே படுக்கணும்?



எங்க ஆஸ்பத்திரி ஸ்டாஃப் நர்ஸ் அக்கா ஒருத்தங்க போன வாரம் ஒரு சந்தேகம் கேட்டாங்க. லீவுக்குக் குடும்பத்தோட சொகுசுக் கப்பல்ல போகப் போறாங்களாம். பையனுக்கு 15, பொண்ணுக்கு 11. "நாலு பேரும் ஒரே கேபின்ல படுத்துக்கலாமா டாக்டர், இல்ல காசு போனாலும் பரவாயில்லைன்னு ரெண்டு கேபின் எடுக்கணுமா? பசங்க வளர்ந்துட்டாங்களே..."

கேட்க சாதாரணக் கேள்வி மாதிரிதான் இருக்கு. ஆனா இதே கேள்விக்கு 170 வருஷத்துக்கு முன்னாடியே பார்லிமெண்ட்ல உட்கார்ந்து சட்டம் போட்டிருக்காங்க. அந்தச் சட்டத்துல ஒரு வயசையும் குறிச்சு வெச்சாங்க. 14.

ஏன் 14? அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போன பையன்களுக்கு என்ன ஆச்சு? கொஞ்சம் நீளமான த்ரெட். டீ எடுத்துக்கிட்டு வாங்க.

முதல்ல 1847க்குப் போகணும். அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயில் அழிந்து, பெரும் பஞ்சம். சனங்க கூட்டம் கூட்டமா கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பல் ஏறினாங்க. கப்பல்னதும் இப்ப நாம பார்க்கிற மாதிரி கற்பனை பண்ணிடாதீங்க. கனடாவிலிருந்து பிரிட்டனுக்கு மரம் ஏத்திக்கிட்டு வர்ற பாய்மரக் கப்பல்கள் அவை. திரும்பிப் போகும்போது காலியாத்தானே போகணும்? அந்த இடத்துல மனுஷங்களை ஏத்தினாங்க. சரக்கு வைக்கிற தளத்துல பலகை அடிச்சு ரெண்டு அடுக்குப் படுக்கை. கனடா போய்ச் சேர்ந்ததும் பலகையைப் பிரிச்சுப் போட்டுட்டு மறுபடி மரம் ஏத்துவாங்க.

அந்தப் படுக்கையில் ஒரு ஆளுக்கு ஒதுக்கின அகலம் 18 அங்குலம். ஒன்றரை அடிங்க! ஆறடிக்கு ஆறடிப் பலகையில் நாலு பெரியவங்க. தோளோடு தோள் உரசித்தான் படுக்கணும். புரண்டு படுக்கணும்னா நாலு பேரும் சேர்ந்து புரளணும். இப்படி ஆறு வாரம், சில சமயம் அதுக்கும் மேல. அந்த நாலு பேரும் ஒரே குடும்பம்னும் கிடையாது.

ஸ்டீபன் டி வீர்னு ஒரு ஐரிஷ் நிலக்கிழார். வசதியான ஆள். 1847ல் இந்த அடித்தட்டில் தானே பயணம் பண்ணி கியூபெக் வரைக்கும் போனார். பார்த்ததை அப்படியே கடிதமா எழுதி அனுப்பினார். அது லண்டனில் பிரபுக்கள் சபை வரைக்கும் போச்சு. அதில் அவர் சொன்ன ஒரு விஷயம், டாக்டரா எனக்கு ரொம்ப உறைச்சது. காய்ச்சல்காரங்க நல்லா இருக்கிறவங்களுக்கு நடுவுல படுத்துக் கிடந்தாங்களாம். காய்ச்சல் வேகத்துல புரளக்கூட முடியாத அளவுக்குக் குறுகின இடமாம்.

அது சாதாரணக் காய்ச்சல் இல்லை. டைஃபஸ். டைபாய்டு வேற, டைஃபஸ் வேற, குழப்பிக்காதீங்க. டைஃபஸ் உடல்பேன் மூலமா பரவும். தலைப்பேன் இல்லை, துணி மடிப்பில் குடியிருக்கிற பேன். இதோட குணம் ஒண்ணு இருக்கு. காய்ச்சலில் உடம்பு கொதிச்சா இதுக்கு அந்தச் சூடு ஆகாது. அந்த உடம்பை விட்டுட்டு அடுத்த உடம்பைத் தேடிப் போகும். அடுத்த உடம்பு எங்கே இருக்கு? ஒன்றரை அடி தள்ளி, அதே பலகையில்!

இது பேன் வழியாத்தான் பரவுதுன்னு 1909ல்தான் சார்ல்ஸ் நிக்கோல் நிரூபிச்சார். அதுக்கு 1928ல் நோபல் பரிசும் வாங்கினார். 1847ல் இருந்த டாக்டர்களுக்கு இது எதுவும் தெரியாது. கெட்ட காற்று, அழுக்கு, நெரிசல்னு மட்டும் நினைச்சாங்க. கியூபெக்குக்கு முன்னாடி கிராஸ் ஈல்னு ஒரு தீவு, குவாரண்டைன் நிலையம். 1847ங்கிற அந்த ஒரு வருஷத்துல மட்டும் அங்கே புதைச்சவங்க 5,000 பேருக்கு மேல. சிகிச்சை கொடுத்த டாக்டர்களும் சிலர் அதே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாங்க.

ஆக, யார் யாரோட படுக்கிறதுங்கிறது கூச்சம் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. உயிர் சம்பந்தப்பட்டது.

இப்ப சட்டத்துக்கு வருவோம். 1855 பிரிட்டிஷ் பயணிகள் சட்டம். 14 வயசும் அதுக்கு மேலும் ஆன ஆண், மனைவியோடு படுக்காதவனா இருந்தா, கப்பலின் முன்பக்கம்தான் படுக்கணும். நடுவில் உறுதியான தடுப்புச் சுவர் இருக்கணும். அரசு உதவியோட ஆஸ்திரேலியா போன கப்பல்களில் இன்னும் கண்டிப்பு. முன்பக்கம் தனி ஆண்கள், நடுவில் தம்பதிகளும் சின்னக் குழந்தைகளும், பின்பக்கம் ஒரு மேட்ரன் கண்காணிப்பில் தனிப் பெண்கள். வயசு வந்த பையன் அம்மா அப்பாவை விட்டு முன்பக்கம் போகணும், பொண்ணு பின்பக்கம் போகணும்.

வெளிப்படையாச் சொன்னா, இந்த 14ஐ எழுத வெச்சது மருத்துவ அறிவை விட ஒழுக்கம் பத்தின பயம்தான். ஆணும் பெண்ணும் இருட்டில் கலந்து படுக்கிறாங்களேங்கிற பதற்றம். அந்தப் பயம் நியாயமானதுதான். துணை இல்லாம போன பொண்ணுங்களுக்கு அந்தச் சுவர் நிஜமான பாதுகாப்பு. ஆனா 14 வயசுப் பையனை யோசிச்சுப் பாருங்க. நேத்து வரைக்கும் தம்பி தங்கச்சியோட படுத்தவன். இன்னைக்கு முன்பின் தெரியாத ஆம்பளைங்க நடுவுல, கப்பலின் மூக்குப் பகுதியில், அலை அதிகமாத் தூக்கிப் போடுற இடத்தில். அவனை யார்கிட்ட இருந்து யார் காப்பாத்துறதுன்னு சட்டத்தில் இல்லை.

அமெரிக்கா 1882ல் போட்ட சட்டம் இன்னும் நுணுக்கம். ஒரு பெர்த்தில் 8 வயசுக்கு மேல ஒருத்தர்தான். இரட்டை பெர்த்தா இருந்தா புருஷன் பொண்டாட்டி, ரெண்டு பெண்கள், ஒரு பெண்ணோட 8 வயசுக்குக் கீழே ரெண்டு குழந்தைங்க, ஒரு அப்பாவோட அதே மாதிரி அவர் குழந்தைங்க ரெண்டு பேர், இல்லைன்னா ஒருத்தரை ஒருத்தர் ஏற்கெனவே தெரிஞ்ச ரெண்டு ஆண்கள். இவ்வளவு விவரமா எழுதியிருக்காங்க! 14 தாண்டின ஆண்கள் இங்கேயும் முன்பக்கம்தான். ஆனா கூடவே ஒரு வரி சேர்த்தாங்க. சம்மதம் இல்லாம குடும்பத்தைப் பிரிக்கக் கூடாது. அந்த வரியை எழுதினவருக்கு வீட்டில் வயசுப் பையன் இருந்திருக்கணும்னு எனக்கு ஒரு நினைப்பு.

அதே சட்டத்தில் முதன்மைத் தளத்தில் ஒரு ஆளுக்கு 100 கன அடி இடம் தரணும்னும் இருந்தது. நம்ம வீட்டு ஸ்டீல் பீரோ மூணை ஒட்டி வெச்சா வர்ற இடம், அவ்வளவுதான். 50 பேருக்கு மேல இப்படிப் பயணிகள் இருந்தா கப்பலில் ஒரு டாக்டர் கட்டாயம்.

நம்ம ஊர்க்காரங்களும் இதே மாதிரிக் கப்பலில்தான் போனாங்க. 1860 அக்டோபரில் மெட்ராஸிலிருந்து கிளம்பின 'ட்ரூரோ', 342 பேரோட நவம்பர் 16ஆம் தேதி டர்பன் போய்ச் சேர்ந்தது. நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாப் போன முதல் கப்பல் அது. கூலிக் கப்பல்களில் கேபினெல்லாம் கிடையாது. ஆனா பிரிச்ச விதம் அதேதான். முன்னால் தனி ஆண்கள், நடுவில் குடும்பங்கள், பின்னால் தனிப் பெண்கள். இந்தக் கப்பல் டாக்டர்களுக்கு, உயிரோடு இறங்கின தலைக்கு இவ்வளவுன்னு கணக்குப் போட்டுக் காசு கொடுத்தாங்க. எங்க சம்பளத்தையும் டிஸ்சார்ஜ் ஆகிற தலைக்கணக்கில் கொடுத்தா எப்படி இருக்கும்னு நைட் டியூட்டியில் யோசிச்சிருக்கேன். சரி, அது வேற கதை.

இனி எல்லாருக்கும் தெரிஞ்ச கப்பலுக்கு வருவோம். டைட்டானிக், 1912.

மூன்றாம் வகுப்பே பல கப்பல்களோட ஒப்பிட்டா நல்லா இருந்தது. பலகைத் தளம் போய், கதவு வெச்ச அறைகள், மெத்தை எல்லாம் வந்தாச்சு. ஆனா பழைய பிரிவினை மட்டும் மாறலை. தனி ஆண்கள் முன்பக்கம். தனிப் பெண்களும் குடும்பங்களும் பின்பக்கம். கப்பலோ ஒரு ஃபர்லாங்குக்கு மேல, 269 மீட்டர் நீளம்.

பனிப்பாறை இடிச்சது முன்பக்கம், வலது பக்கத்தில். அதனால கீழ்த்தளத்தில் முதல்ல தண்ணியைப் பார்த்தவங்களில் முன்பக்கத்து ஆண்கள் இருந்தாங்க. பெட்டி படுக்கையைத் தூக்கிக்கிட்டு, 'ஸ்காட்லாந்து ரோடு'ன்னு கப்பல்காரங்க பட்டப்பேர் வெச்சிருந்த நீளமான நடைபாதை வழியா பின்பக்கம் நோக்கி நடந்தாங்க.

குட்வின் குடும்பம்னு ஒண்ணு. அப்பா ஃப்ரெடரிக், அம்மா அகஸ்டா, ஆறு பிள்ளைங்க. நயாகராவில் புது வாழ்க்கை தேடிப் போனவங்க. மூத்த பொண்ணு லில்லியனுக்கு 16. அடுத்தவன் சார்லஸுக்கு 14, சரியா அந்தச் சட்டத்து வயசு! அப்பாவும் பெரிய பையன்களும் முன்பக்கமும், அம்மாவும் மத்த பிள்ளைங்களும் பின்பக்கமும் இருந்திருக்கலாம்னு சொல்றாங்க. எட்டு பேரில் ஒருத்தர்கூடப் பிழைக்கலை. கிடைச்சது ஒரே ஒரு உடல்தான். 19 மாசக் கைக்குழந்தை சிட்னி. அது யார் குழந்தைன்னே தெரியாம ஹாலிஃபேக்ஸில் 'பெயர் தெரியாத குழந்தை'ன்னு கல்லறை கட்டினாங்க. 2002ல் டிஎன்ஏ பரிசோதனை பண்ணி வேற ஒரு ஃபின்லாந்துக் குழந்தைன்னு சொன்னாங்க. அது தப்புன்னு மறுபடி பார்த்து, 2007ல்தான் சிட்னின்னு உறுதி ஆச்சு.

பிரிட்டிஷ் விசாரணைக் கமிஷன் கணக்கைப் பாருங்க. மூன்றாம் வகுப்பில் குழந்தைகள் 79 பேர், பிழைச்சது 27. ஆண்கள் 462 பேர், பிழைச்சது 75. சார்லஸ் மாதிரி 14 வயசுப் பசங்க இதில் குழந்தைக் கணக்கில் வரமாட்டாங்க.

வயசுக்கு வந்த பையன் ஆம்பளையா, பிள்ளையா? அன்னிக்கு ராத்திரி படகு ஓரத்திலும் இதே கேள்விதான். முதல் வகுப்பில் ரையர்சன் குடும்பத்துப் பையனுக்கு 13 வயசு. படகில் ஏத்த அதிகாரி முதல்ல மறுத்தார். அப்பா விடாம வாதாடினதாலதான் அவன் அம்மாவோட போனான். அப்பா கப்பலோட போயிட்டார்.

ரோடா அபட்னு ஒரு அம்மா, மூன்றாம் வகுப்பு. ரெண்டு பையன்கள், 16ம் 13ம். படகுப் பக்கம் போனா தன்னை ஏத்திக்குவாங்க, பையன்களை விடமாட்டாங்கன்னு அவங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. ஏறலை. பையன்களோடயே நின்னாங்க. மூணு பேரும் தண்ணிக்குள்ள போனாங்க. அம்மா மட்டும் பாதி மூழ்கின மடக்குப் படகு ஒண்ணில் பிழைச்சாங்க. பையன்கள் ரெண்டு பேரும் இல்லை.

இதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு அடுத்த பக்கம் திருப்ப கொஞ்ச நேரம் ஆச்சு.

சரி, இன்னைக்கு நிலவரம். அந்த 14 வயசுக் கோடு போயாச்சு. இப்ப பல கம்பெனிகளில் தலைகீழ் விதி. ஒவ்வொரு கேபினிலும் ஒரு பெரியவர் இருக்கணும், பலதில் 21 வயசு கேட்பாங்க. பக்கத்து அறையில் பெற்றோர் இருந்தா பசங்களைத் தனி அறையில் விடலாம்னு தளர்த்துவாங்க. புக் பண்ணும்போது அப்பா பேர் ஒரு அறையில், அம்மா பேர் இன்னொரு அறையில் போட்டுட்டு, உள்ளே போய் மாத்திப் படுத்துக்கிறவங்களும் உண்டு.

அதனால என் பதில் இதுதான். காசு இடம் கொடுத்தா, நடுவில் கதவு வெச்ச ரெண்டு அறை. 15 வயசில் தூக்கம் வர்ற நேரமே உடம்பில் தள்ளிப் போயிடும், அது சோம்பேறித்தனம் இல்லை. அவன் 12 மணிக்கு முழிச்சிருக்க, நீங்க 10 மணிக்குக் குறட்டை விட, 180 சதுர அடிக்குள்ள சண்டைதான் வரும். 11 வயசுப் பொண்ணுக்கும் துணி மாத்த ஒரு மறைவு வேணும். அம்மாவும் பொண்ணும் ஒரு அறை, அப்பாவும் பையனும் ஒரு அறைன்னு பிரிச்சாலும் நல்லதுதான்.

ஒரே அறைதான் கட்டுப்படி ஆகும்னா தப்பே இல்லை. நாலு இரவு ஓடிடும். கூரையிலிருந்து இறங்குற மேல் பெர்த்தை மூத்தவனுக்குக் கொடுங்க. வலிப்பு, தூக்கத்தில் நடக்கிற பழக்கம் இருக்கிறவங்களுக்கும் 6 வயசுக்குக் கீழே உள்ளவங்களுக்கும் மேல் பெர்த் வேண்டவே வேண்டாம். வாந்தி வர்ற பிள்ளைங்க இருந்தா கப்பலின் நடுப்பகுதி, கீழ்த்தளம் கேளுங்க, ஆட்டம் குறைவு. பழைய சட்டம் குடும்பங்களைப் போட்ட அதே நடுப்பகுதிதான்!

ரெண்டு அறை எடுத்தா ஒண்ணு மட்டும் கட்டாயம் பாருங்க. ஆபத்து சமயத்தில் கூட வேண்டிய இடத்தை அறையை வெச்சுத்தான் ஒதுக்குவாங்க. ரெண்டு அறைக்கும் ஒரே இடம்தானான்னு கேளுங்க. வேற வேறன்னா மாத்தித் தரச் சொல்லுங்க. 2012ல் கோஸ்டா கன்கார்டியா கவிழ்ந்து 32 பேர் இறந்த பிறகு, அந்தப் பயிற்சியைக் கிளம்புறதுக்கு முன்னாடியே, இல்லைன்னா கிளம்பின உடனே நடத்தணும்னு சர்வதேச விதி வந்தாச்சு. அந்த நேரத்தில் பசங்களை நீச்சல் குளத்தில் விட்டுட்டு நீங்க மட்டும் போய் நிக்காதீங்க. அந்த இடத்துக்கு அவங்களையும் ஒரு தடவை நடத்திக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க.