நிலக்கரிக்கு முந்திய உலைகள்: லிகுவோ இரும்பும் ஹார்ட்வெல்லின் வாதமும்

வட சொங் காலச் சீனத்தின் இரும்புத் தொழிலைப் பற்றி எழுதுவோர் இன்னமும் ராபர்ட் ஹார்ட்வெல்லிடமிருந்தே தொடங்குகிறார்கள். 1078ஆம் ஆண்டின் உற்பத்தி 75,000 முதல் 1,50,000 டன் வரை இருந்திருக்கும் என்று 1962இல் அவர் மதிப்பிட்டார். காடுகள் அழிந்தன, மரக்கரி அருகியது, அதன் இடத்துக்கு நிலக்கரி வந்தது, தலைநகர் கைஃபெங்கின் தேவை உற்பத்தியைப் பெருக்கியது என்பது அவர் காட்டிய காரண வரிசை. அந்த ஆண்டில் அரசுக் கணக்கில் பதிவான இரும்போ சுமார் 55 லட்சம் ஜின்தான். ஏறத்தாழ 3,300 டன். இதற்கும் அவருடைய மதிப்பீட்டுக்கும் இடையில் உள்ளவை ஊகங்களே. டொனால்ட் வாக்னர் இக்கணக்கை ஏற்கெனவே கேள்விக்கு உட்படுத்திவிட்டார். என் மறுப்பு எரிபொருளைப் பற்றியது.

பெருந்தொழிலுக்கு ஹார்ட்வெல் காட்டும் சான்றுகளில் ஒன்று ஷூச்சோவ் அருகிலுள்ள லிகுவோ. அவ்வூரின் 36 உருக்காலைகளைப் பற்றி நமக்குச் சொல்பவர், அப்போது ஷூச்சோவின் ஆளுநராக இருந்த கவிஞர் சு ஷி. பேரரசருக்கு அவர் அனுப்பிய விண்ணப்பம் ஆலை ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு மேற்பட்டோர் உழைத்ததைச் சொல்கிறது. அவர்கள் பசியாலும் குளிராலும் ஊரைவிட்டு ஓடிவந்தவர்கள். ஹார்ட்வெல் இந்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டார். அதே வாக்கியம் அவர்கள் செய்த வேலையையும் கூறுகிறது: தாது தோண்டுவது, கரிக்காக மரம் வெட்டுவது. அவருடைய நிலக்கரி வாதத்தில் இதற்கு உரிய இடம் இல்லை.

இதனோடு நிலக்கரி பற்றிய சு ஷியின் கவிதை முன்னுரையைச் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்த வட்டாரத்தில் முன்பு நிலக்கரி கிடையாது என்றும், யுவான்ஃபெங் முதலாண்டின் பன்னிரண்டாம் மாதத்தில், அதாவது 1079 தொடக்கத்தில், தாம் அனுப்பிய ஆட்கள் பாய்டு ஊருக்கு வடக்கே அதைக் கண்டுபிடித்தார்கள் என்றும் அவர் எழுதுகிறார். தம் சாதனையை ஓர் ஆளுநர் சற்று மிகைப்படுத்தியிருக்கலாம். ஊரார் சிலர் முன்பே அதை எரித்திருக்கவும் கூடும். ஆனால் விண்ணப்பமும் மரக்கரியைத்தான் சொல்கிறது. விண்ணப்பம் அதே ஆண்டின் பத்தாம் மாதத்தது என்பது வழக்கமான கணிப்பு. அதைச் சில மாதம் பின்னுக்குத் தள்ளினாலும் என் வாதம் தளராது. நிலக்கரி கிடைத்த பின்பும் மரம் வெட்டப்பட்டது என்றே ஆகும்.

நிலவியலும் ஹார்ட்வெல்லுக்கு உதவவில்லை. லிகுவோ ஊர் ஷூச்சோவ் நகருக்கு வடகிழக்கே எழுபது லீக்கு மேற்பட்ட தொலைவில் உள்ளது, பாய்டு அந்நகருக்குத் தென்மேற்கே. அந்த நிலக்கரி லிகுவோவின் உலைகளை எட்டியதா, நகரின் ஆயுதப் பட்டறைகளோடு நின்றதா? இரும்பை உருக்கி ஆயுதம் செய்ததாக முன்னுரை சொன்னாலும், இடத்தைக் குறிப்பிடவில்லை. பட்டறை என்பதே என் சாய்வு; அதை நிறுவ என்னால் முடியவில்லை.

லிகுவோவின் உலை முதலாளிகளை அச்சுறுத்தியது வேறொன்று. தன் எல்லைக்குள் லிகுவோ இரும்பு வரக்கூடாது என்று ஹெபெய் நிதி நிர்வாகம் கேட்டது, அரசவை இசைந்தது. தொழில் முடங்கும் என்ற அவர்களுடைய அச்சத்தை எடுத்துச்சொல்லி, தடையை நீக்குமாறு சு ஷி வேண்டினார். எரிபொருள் பஞ்சத்தைவிட மூடப்பட்ட சந்தையே இங்கு முன்னால் நிற்கிறது. ஹெபெயின் சிசோவ், சிங்சோவ் உலைகளில் நிலக்கரி முன்பே புகுந்திருக்கலாம். அதை அங்குள்ள சான்றுகளைக் கொண்டுதான் முடிவுசெய்ய வேண்டும்; லிகுவோவை அதற்குச் சாட்சியாக அழைக்க முடியாது.