நாடாவின் காலம் – 9: விடிய விடிய ஒரு சாக்ஸபோன்

1967 நவம்பரில் அமெரிக்காவின் பிலடெல்பியா கலைக் கல்லூரிக்குக் கச்சேரி கேட்க வந்தவர்கள் படுக்கையோடு வந்தார்கள். சிலர் தூளி கட்டிக்கொண்டார்கள். பொழுது விடியும்வரை வாசித்தவர் ஒரே ஒருவர்தான்: 32 வயது டெர்ரி ரைலி. அவர் முன்னால் ஒரு பழைய ஹார்மோனியம். அதற்குக் காற்று ஊத வாக்குவம் கிளீனர் மோட்டார். அதோடு சோப்ரானோ சாக்ஸபோன், டேப் ரிக்கார்டர்கள்.

தனி ஆளால் இரவு முழுக்க எப்படி வாசிக்க முடிந்தது?

பதில் தெரிய, முதலில் பாரிஸுக்குப் போக வேண்டும். 1963இல் ரைலி அங்கே அமெரிக்க ராணுவ முகாம்களில் பியானோ வாசித்து வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். ‘தி கிஃப்ட்’ என்ற நாடகத்துக்கு இசையமைக்கும் வாய்ப்பு வந்தது. வாசிக்க வந்தவர் புகழ்பெற்ற ட்ரம்பெட் கலைஞர் செட் பேக்கர். வாசித்தது மறுபடி மறுபடி திரும்பி வர வேண்டும் என்று ரைலி கேட்டார். பிரெஞ்சு வானொலிக் கூடத்தில் வெள்ளைக் கோட்டுப் பொறியாளர் ஒருவர் இரண்டு டேப் ரிக்கார்டர்களைத் தள்ளித் தள்ளி வைத்து, இரண்டுக்கும் குறுக்கே ஒரே நாடாவை ஓடவிட்டார்.

முதல் கருவி பதிவு செய்யும். நாடா நகர்ந்து இரண்டாவது கருவியை அடைந்ததும் அந்த ஒலி சில விநாடி தாமதமாகக் கேட்கும். கேட்டதே மறுபடி முதல் கருவிக்குப் போய், புதிதாக வாசிப்பதோடு சேர்ந்து பதிவாகும். கருவிகளைத் தள்ளி வைத்தால் தாமதம் கூடும். ஒரு சிறு பிடி நாலாகும், எட்டாகும். கடைசியில் ஒரு கூட்டமே வாசிப்பதுபோல் ஒலி அடர்ந்து நிற்கும். ரைலி இதற்கு ‘டைம் லேக் அக்யுமுலேட்டர்’ என்று பெயர் வைத்தார். இன்று ஒரு பொத்தானை மிதித்தால் கிடைக்கும் ‘லூப்’புக்கு இந்தப் பழுப்பு நாடா முன்னோடி என்று தயங்காமல் சொல்லலாம்.

1964இல் சான்பிரான்சிஸ்கோவில் அரங்கேறிய ‘இன் சி’ அவருக்குப் பெரும் பெயர் தந்தது: 53 சிறு துணுக்குகள், ஒவ்வொன்றையும் எத்தனை முறை வாசிப்பது என்பது கலைஞர்கள் விருப்பம். ஆனால் ரைலியின் துணிச்சல் முழுமையாகத் தெரிவது, 1969இல் வெளிவந்த ‘எ ரெயின்போ இன் கர்வ்டு ஏர்’ இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தில்தான். ‘பாப்பி நோகுட் அண்ட் தி பேண்டம் பேண்ட்’ என்று அதற்குப் பெயர். அந்த ‘மாய வாத்தியக்குழு’ வேறு யாருமல்ல, நாடாவில் திரும்பி வரும் அவருடைய சாக்ஸபோனேதான்.

இரவுக் கச்சேரிகளின் கணக்கும் இதுதான். களைத்துப்போனால், அதுவரை நாடாவில் சேர்ந்த சாக்ஸபோனை ஓடவிட்டு ரைலி எழுந்து போவார். அவர் திரும்பும்வரை அதுவே வாசித்துக்கொண்டிருக்கும்.

1970இல் அவர் இந்துஸ்தானி இசையின் கிரானா மரபுப் பாடகர் பண்டிட் பிராண் நாத்துக்குச் சீடரானார். அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)