பலமா, குறியா? – ஏர் ரைஃபிளின் கதை

ஏர் ரைஃபிள் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு ஞாபகம் வருவது தேர்த் திருவிழாவிலும் பொருட்காட்சியிலும் பலூன் சுடுகிற துப்பாக்கிதான். வளைந்த குழல், ஆடிப்போன குறிமுள், எப்படிக் குறி வைத்தாலும் பக்கத்து பலூனுக்குப் போகும் குண்டு! "இதுக்கெல்லாம் ஒரு கட்டுரையா?" என்று மலர்க் குழு நண்பர் கேட்டார். கேட்கலாம், தப்பில்லை. ஆனால் அந்த பலூன் துப்பாக்கியின் மூதாதையர் பட்டாளத்தில் பணிபுரிந்திருக்கிறார்கள். அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்கே கடந்திருக்கிறார்கள். இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கமும் அந்த வம்சத்தில் வந்ததுதான்.

நான் மெக்கானிக்கல் படித்தவன். வார இறுதிகளில் ரேஞ்சுக்குப் போய் சுடுகிறவன். பதக்கம் கிதக்கம் எல்லாம் கிடையாது. இந்தக் கருவியின் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்குத் தென்பட்டது ஒரே ஒரு கேள்விதான்: துப்பாக்கிக்கு வேண்டியது பலமா, குறியா? நானூறு வருஷமாக இந்தக் கேள்விக்குக் கிடைத்து வரும் பதிலைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பட்டாளத்துக்குப் போன காற்று

காற்றால் குண்டு எய்வது ஊதுகுழல் காலத்துச் சங்கதி. இன்று நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய காற்றுத் துப்பாக்கி சுமார் 1580-ஐச் சேர்ந்தது. ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. துருத்தியால் இயங்குவது.

ஆனால் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தவர் டிரோல் மலைப்பகுதியைச் சேர்ந்த பார்த்தலோமியோ ஜிரார்டோனி. இவர் வடிவமைத்த காற்று ரைஃபிளை 1780 வாக்கில் ஆஸ்திரிய ராணுவம் எடுத்துக்கொண்டது. துப்பாக்கியின் பின்கட்டையே காற்றுப் புட்டி! அழுத்தி அடைத்த காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டு, பக்கத்துக் குழாயிலிருந்து சுமார் 20 குண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுடலாம். அந்தக் காலத்துச் சிப்பாய் ஒவ்வொரு வேட்டுக்கும் மருந்து போட்டு, குண்டு போட்டு, குச்சியால் இடித்து நிற்க வேண்டும். இதில் புகை இல்லை, மழையில் நனைந்து போக மருந்தும் இல்லை.

அப்படியானால் உலகத்து ராணுவங்கள் எல்லாம் ஏன் இதற்கு மாறவில்லை? பொறியியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஒரு புட்டியை நிரப்ப கைப்பம்பை ஏறத்தாழ 1,500 தடவை அடிக்க வேண்டும். புட்டியின் இணைப்புகளும் தோல் அடைப்புகளும் சீக்கிரம் கசிந்தன. போர்க்களத்தில் ரிப்பேர் பார்க்க ஆள் இல்லை. டிசைன் பிரமாதம், பராமரிப்பு பூஜ்யம்! 1815 வாக்கில் அது ராணுவத்தை விட்டு விலகிவிட்டது.

அதற்குள் இந்த வகைத் துப்பாக்கி ஒன்று அமெரிக்கா போய்ச் சேர்ந்திருந்தது. மெரிவெதர் லூயிஸ் தம் புகழ்பெற்ற பயணத்தின் தொடக்கத்தில், 1803 ஆகஸ்ட் 30-ந் தேதி, பிட்ஸ்பர்க் அருகே ஒஹையோ ஆற்றுத் தீவு ஒன்றில் தம் காற்றுத் துப்பாக்கியை வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்குக் காட்டினார். 55 கெஜ தூரத்தில் ஏழு முறை சுட்டார். பிறகு அதைப் பழக்கமில்லாத ஒருவர் கையில் கொடுத்தார். எதிர்பாராமல் அது வெடித்து, சுமார் 40 கெஜத்தில் நின்ற ஒரு பெண்ணின் தொப்பியைத் துளைத்து நெற்றிப்பொட்டை உரசிச் சென்றது. அந்த அம்மாள் செத்தே போனார் என்று எல்லோரும் பதறினார்கள்; நல்லவேளையாக எழுந்துவிட்டார். "காத்துத் துப்பாக்கிதானே" என்று அலட்சியமாகக் கையில் எடுப்பவர்களுக்கு 1803-லேயே கிடைத்த பாடம் இது.

கைத்தடியும் காற்றாலையும்

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் கைத்தடிக்குள் ஒளிந்த காற்றுத் துப்பாக்கிகள் விற்றன. கானன் டாயில் 1903-ல் எழுதிய ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், இந்தியாவில் புலி வேட்டையாடிய கர்னல் மோரன் கையில் இருப்பது சத்தமில்லாத காற்றுத் துப்பாக்கிதான்.

அமெரிக்காவில் கதை வேறு தினுசு. மிச்சிகன் மாநிலத்தில் பிளிமத் என்ற ஊரில் இரும்புக் காற்றாலை செய்யும் கம்பெனி ஒன்று இருந்தது. காற்றாலை வாங்கும் விவசாயிகளுக்கு 1880-களில் ஒரு சின்னக் காற்றுத் துப்பாக்கியையும் கொடுத்துப் பார்த்தது. ஜனங்கள் காற்றாலையை விட்டுவிட்டுத் துப்பாக்கியைக் கேட்க ஆரம்பித்தார்கள்! 1895-ல் கம்பெனி தன் பெயரையே டெய்சி என்று மாற்றிக்கொண்டது. காற்றுத் துப்பாக்கி சிறுவர் கைக்கு வந்தது இப்படித்தான்.

ஸ்பிரிங்கின் ராஜ்ஜியம்

காற்றுப் புட்டியின் தலைவலியைத் தீர்த்தது ஸ்பிரிங். பர்மிங்ஹாமைச் சேர்ந்த லிங்கன் ஜெஃப்ரிஸ் 1904-ல் காப்புரிமை வாங்கிய வடிவத்தை பி.எஸ்.ஏ. நிறுவனம் அடுத்த ஆண்டு முதல் தயாரித்தது. அதற்கு முன்பே, 1890-ல், ஜெர்மனியின் ராஸ்டாட் நகரில் டயானா துப்பாக்கிகளைத் தயாரித்த கம்பெனி தொடங்கிவிட்டது.

இயங்கும் முறை எளிது. நெம்புகோலை இழுத்தால் ஸ்பிரிங் சுருங்கி பிஸ்டன் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். டிரிக்கரை அழுத்தினால் பிஸ்டன் முன்னால் பாய்ந்து சிலிண்டரில் உள்ள காற்றை நசுக்கும். அந்த அழுத்தம் பெல்லட்டைத் தள்ளும். வெப்பம் வெளியேற நேரமே இல்லாததால் காற்று சில நூறு டிகிரிக்குச் சூடேறும். தெர்மோடைனமிக்ஸ் வகுப்பில் அடியாபாட்டிக் கம்ப்ரஷன் என்று தூக்கக் கலக்கத்தில் எழுதிக்கொண்டோமே, அதேதான்! சிலிண்டரில் ஒரு சொட்டு எண்ணெய் அதிகமாக இருந்தால் டீசல் எஞ்சின் மாதிரி பற்றிக்கொண்டு 'படார்' என்று சத்தம் வரும். ஆகவே துப்பாக்கிக்கு எண்ணெய் போடுவதில் தாராளம் கூடாது.

ஒரு சிக்கலும் கூடவே வந்தது. பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கும். பிஸ்டன் காற்று மெத்தையில் மோதி நிற்கும்போது துப்பாக்கி முன்னே துள்ளும். பெல்லட் குழலை விட்டு வெளியே போவதற்குள்ளேயே இந்த ஆட்டம் தொடங்கிவிடும். ஸ்பிரிங் துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்காமல், உள்ளங்கையில் ஏந்தின மாதிரி லேசாகப் பிடிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பிடிக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். சாதாரண டெலஸ்கோப்பைப் பூட்டினால் இந்த இருபக்க உதையில் அது சீக்கிரம் கெட்டுப்போகும்.

இங்கிலாந்துக்காரர்கள் இதை மதுக்கடைகளுக்கே கொண்டுபோனார்கள். ஆறு கெஜ தூரத்தில் இரும்புத் தகடு, நடுவில் அரை அங்குலத்துக்கும் குறைவான ஓட்டை, பின்னால் மணி. குண்டு ஓட்டைக்குள் போனால் மணி அடிக்கும். பலம் அங்கே எதற்கும் உதவாது. குறி மட்டுமே பேசும்.

கோடு போட்ட சட்டம்

1969-ல் பிரிட்டன் ஒரு வரம்பு கட்டியது. 12 அடி-பவுண்டு, அதாவது ஏறக்குறைய 16 ஜூலுக்கு மேல் போகும் காற்று ரைஃபிளுக்குத் துப்பாக்கிச் சான்றிதழ் வேண்டும். ஸ்காட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் அதற்குக் கீழே உள்ளவற்றுக்கும் உரிமம் வந்துவிட்டது.

இந்த வரம்புக்குள்தான் அந்த நாட்டு முயல், காட்டுப்புறா வேட்டைக்காரர்கள் பழகினார்கள். பலத்தைக் கூட்ட வழியில்லை. ஆகவே ஓர் ஒழுங்கு உருவானது. ஒரு அங்குல வட்டத்துக்குள் எல்லாக் குண்டையும் எவ்வளவு தூரத்திலிருந்து போட முடிகிறதோ, அதுதான் உன் வேட்டை தூரம். அதற்கு மேல் ஒரு கெஜம் கூடாது. தலையில் படாத குண்டு பிராணியைக் கொல்லாது, சித்திரவதைதான் செய்யும். 20 கெஜத்தில்தான் முடியும் என்றால் 20 கெஜம் வரை ஊர்ந்து போ, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ! பலமில்லாத கருவி மனிதனுக்குக் கற்றுக்கொடுத்த ஒழுக்கம் இது.

ஜெர்மனிக்கு இதே பாடம் தோல்வியிலிருந்து கிடைத்தது. உலகப் போருக்குப் பின் அங்கே வெடிமருந்துத் துப்பாக்கி செய்யத் தடை. 1950-களின் தொடக்கத்தில் காற்று ரைஃபிள்தான் முதலில் மறுபடி பட்டறைக்கு வந்தது. மௌசர் கம்பெனியில் இருந்த இரண்டு பொறியாளர்கள் 1949-ல் ஓபர்ண்டார்ஃபில் தொடங்கிய ஃபைன்வெர்க்பாவ், 1960-களின் தொடக்கத்தில் உதையே தெரியாத ஸ்பிரிங் ரைஃபிளைக் கொண்டுவந்தது. சுடும்போது இயந்திரப் பகுதி மட்டும் தண்டவாளத்தில் பின்னோக்கி வழுக்கும். சுடுபவர் தோளுக்கு ஒன்றும் தெரியாது.

கடைசியில் ஜிரார்டோனியும் திரும்பி வந்தார்! இன்றைய உயர்தர ரைஃபிள்கள் 200 பார் அழுத்தத்தில் முன்கூட்டியே காற்று அடைத்த சிலிண்டரோடு வருகின்றன. அதே தத்துவம்தான். 1780-ல் இல்லாத நல்ல ஸ்டீலும் ரப்பர் ஓ-ரிங்கும் இப்போது இருக்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம்.

அரை மில்லிமீட்டர் புள்ளி

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சேர்ந்தது. பத்துப் புள்ளிக்கான நடுப்பொட்டு அரை மில்லிமீட்டர். சுடுகிற பெல்லட்டோ 4.5 மில்லிமீட்டர்! நின்றுகொண்டு, டெலஸ்கோப் இல்லாமல் சுட வேண்டும். பெல்லட்டின் சக்தி சுமார் 7.5 ஜூல்தான். இங்கிலாந்து வேட்டைக்காரரின் வரம்பில் பாதிகூட இல்லை.

2008 ஆகஸ்ட் 11, பெய்ஜிங். கடைசிக் குண்டுக்கு முன் அபினவ் பிந்த்ராவும் ஃபின்லாந்து வீரரும் சமநிலை. பிந்த்ரா சுட்டது 10.8. தங்கம்! 2012 லண்டனில் ககன் நாரங் வெண்கலம். டோக்கியோ பாராலிம்பிக்கிலும் 2024 பாரிஸ் பாராலிம்பிக்கிலும் அவனி லேகரா தங்கம். நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வென்றவர், இரண்டு ஒலிம்பிக்கில் சுட்டவர். பலத்தைக் குறைக்கக் குறைக்கக் கருவி உயரத்துக்குத்தான் போனது.

நம் பக்கத்துக் கதை

நம் ஊர்ப்பக்கம் ஏர்கன் என்றால் கண்மாய்க் கரையில் கொக்கும் புறாவும் சுடுவது என்றே பல பேர் நினைத்து வந்தார்கள். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'சிறு வேட்டை' என்று ஒரு உரிமமே இருந்தது. 1991 திருத்தம் அதை அடியோடு எடுத்துவிட்டது. இன்று முயல், கௌதாரி, காடை எதையும் சுட யாருக்கும் விளையாட்டுக்கான உரிமம் கிடையாது. கையில் ஏர்கன் உரிமமில்லாமல் இருக்கலாம்; அதனால் சுடுகிற உரிமை வந்துவிடாது. ரொம்பப் பேர் குழப்பிக்கொள்வது இதைத்தான்.

துப்பாக்கியைப் பற்றிய சட்டமும் சுவாரஸ்யம். 1962 காலத்து விதிப்படி, ஒரு அங்குல கனமுள்ள மென்மரப் பலகையை ஐந்தடி தூரத்திலிருந்து சுட வேண்டும். குண்டு துளைத்து வெளியேறினால் லைசென்ஸ் தேவை. பட்டறையில் 'கோ, நோ-கோ' கேஜ் வைத்துப் பார்ப்போமே, அது மாதிரி! 2016-ன் ஆயுத விதிகள் அதை எண்ணாக்கின: 20 ஜூலைத் தாண்டினாலும், குழல் விட்டம் 0.177 அங்குலத்தைத் தாண்டினாலும் உரிமம் வேண்டும்.

சட்டம் மட்டும் போதாது என்பதற்கு அருணாசலப் பிரதேசம் சாட்சி. அங்கே வேட்டை பரம்பரை வழக்கம். மலிவான ஏர்கன் வந்ததும் பறவைகள் அற்றுப்போகத் தொடங்கின. 2021 மார்ச்சில் கிழக்கு காமெங் மாவட்டத்தின் லும்துங் கிராமத்தில் 'ஏர்கன் ஒப்படைப்பு' இயக்கத்தை மாநில அரசு தொடங்கியது. வழக்கு இல்லை, அடிதடி இல்லை. அடுத்த ஆண்டுத் தொடக்கத்துக்குள் 1,600-க்கும் மேற்பட்ட ஏர்கன்களை ஜனங்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு நாட்டுக்குத் தங்கம் வாங்கித் தந்த கருவி, அதே நாட்டின் இன்னொரு மூலையில் காட்டை ஊமையாக்கிக்கொண்டிருந்தது. கருவியின் குணம் பிடித்த கையில் இருக்கிறது.

வாங்க நினைப்பவர்களுக்கு

இதைப் படித்துவிட்டு யாராவது தம்பி, தங்கை கடைக்குக் கிளம்பினால் நான்கு வார்த்தை.

வினாடிக்கு ஆயிரம் அடி என்று விளம்பரம் பார்த்து மயங்காதீர்கள். லேசான பெல்லட்டைப் போட்டு எடுத்த கணக்கு அது. ஒலியின் வேகத்தை நெருங்கினால் பெல்லட் தள்ளாடும், குறி போய்விடும். 0.177 போதும். ஸ்பிரிங் ரைஃபிளில் பழகினால் பிடியும் மூச்சும் ஒழுங்காக வரும்.

நாலைந்து ரக பெல்லட்டை வாங்கி, 10 மீட்டரில் மணல்மூட்டை மேல் வைத்து ரகத்துக்கு ஐந்து சுட்டுப் பாருங்கள். எது நெருக்கமாக விழுகிறதோ அதுதான் உங்கள் குழலுக்கு உகந்தது. விலை முக்கியமில்லை. பெல்லட் போடாமல் வெறுமனே சுடாதீர்கள். பிஸ்டன் முகம் சிதையும்.

குறிக்குப் பின்னால் குண்டை விழுங்கும் தடுப்பு வேண்டும். செங்கல் சுவரும் தகரமும் குண்டைத் திருப்பி அனுப்பும். கண்ணாடி அணியுங்கள். பெல்லட் ஈயம், ஆகவே கை கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறக்காதீர்கள். காலியாக இருக்கிறது என்று யார் சொன்னாலும், குண்டு இருப்பதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். லூயிஸின் தீவில் நின்ற அந்த அம்மாளை மறக்க வேண்டாம்.

கூடியமட்டும் தனியாகச் சுடாமல் ஒரு கிளப்பில் சேருங்கள். 10 மீட்டர் ரேஞ்சுக்கு மைதானம் வேண்டாம். ஒரு நீள அறையும் நல்ல தடுப்பும் நடத்திச் செல்ல ஒரு பொறுப்பான ஆசிரியரும் போதும். நம் கல்லூரியில் பூட்டிக் கிடக்கும் அறைகள் எத்தனையோ! முன்னாள் மாணவர் சங்கம் மனசு வைத்தால், முறையான அனுமதியோடு ஒரு சின்ன ரேஞ்ச் வந்துவிடும். அதற்கு என் பங்கை நான் தரத் தயார். அடுத்த மலரில் நான் எழுத வேண்டாம். அந்த ரேஞ்சில் சுட்ட ஒரு மாணவி எழுதட்டும்.