குமரகுருபரரும் நம் வீட்டுக் குழந்தையும்



"ரெண்டு வயசாச்சு, இன்னும் பேச்சு வரல" என்று ஒரு தாய் கவலைப்பட்டால் போதும். "குமரகுருபரரே அஞ்சு வயசுலதான் பேசினார், தானா வரும் போ" என்று நம் வீடுகளில் யாராவது ஆறுதல் சொல்லிவிடுவார்கள். அந்தக் கதையை முழுதாகத் தெரிந்துகொண்டால் அப்படிச் சொல்லத் தோன்றாது.

குமரகுருபரர் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்தவர், 17ஆம் நூற்றாண்டினர். ஐந்து வயதுவரை பேசாதிருந்த பிள்ளையைப் பெற்றோர் திருச்செந்தூருக்குத் தூக்கிப் போனார்கள், முருகன் சந்நிதியில் பேச்சு வந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அந்தக் கதையிலும் பெற்றோர் சும்மா இருக்கவில்லை, கவனியுங்கள்.

பிற்காலத்தில் அவர் நம் சிதம்பரத்தின்மீது மும்மணிக்கோவை பாடினார். வைத்தீசுவரன்கோயில் முத்துக்குமாரசுவாமிக்கு ஒரு பிள்ளைத்தமிழ், மதுரை மீனாட்சியம்மைக்கு ஒரு பிள்ளைத்தமிழ் பாடினார். பேச்சு வராமல் இருந்ததாகச் சொல்லப்படும் பிள்ளை, பிள்ளைத்தமிழில் பெரும்புகழ் பெற்றார்!

பிள்ளைத்தமிழின் அமைப்பைப் பாருங்கள். மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பிறகு வருகை, அம்புலி என்று பொதுவாகக் கணக்குச் சொல்வார்கள். தால் என்றால் நாக்கு. நாவை அசைத்துப் பாடுவதால் தாலாட்டு. சப்பாணியில் கைகொட்டச் சொல்கிறோம், வருகையில் நடந்து வரச் சொல்கிறோம், அம்புலியில் நிலாவைக் கூப்பிடுகிறோம். பருவத்துக்குப் பத்துப் பாட்டு, பத்துப் பருவத்துக்கு நூறு பாட்டு. இத்தனையும் பதில் சொல்லத் தெரியாத குழந்தையிடம் பேசும் பேச்சு! பேச்சு வந்த பிறகு பேசலாம் என்று நம் முன்னோர் காத்திருக்கவில்லை.

இதே வழியைத்தான் நம் காலத்தில் ஒரு பள்ளியும் கையாண்டது. காது கேளாத சிறு குழந்தைகளுக்காக 1969இல் சென்னையில் தொடங்கப்பட்ட பால வித்யாலயாவில் குழந்தையோடு தாயும் வகுப்பில் உட்கார வேண்டும். காதொலிக் கருவி பொருத்திய பிள்ளையோடு வீட்டில் நாள் முழுதும் எப்படிப் பேசுவது என்று தாய்க்கும் கற்றுத் தருகிறார்கள். பள்ளியில் இருப்பது சில மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் வீடுதானே பள்ளி?

எனவே இளம் பெற்றோரே, குளிப்பாட்டும்போது "தண்ணி சுடுதா? இதோ கை, இதோ காலு" என்று பேசுங்கள். நம் கடற்கரைக்குக் கூட்டிப்போனால் "அலை வருது, அலை போவுது" என்று சொல்லிக்காட்டுங்கள். குழந்தை "பா" என்றால் "ஆமா, பால்! சூடான பால்" என்று நீட்டிச் சொல்லுங்கள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் கொஞ்சம் பொறுங்கள். கைப்பேசி ஓயாமல் பேசும். ஆனால் குழந்தையின் பதிலுக்காக அது காத்திருக்காது.

சத்தம் கேட்டுக் குழந்தை திரும்பவில்லை என்றாலோ, இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றாலோ, முதலில் காதைப் பரிசோதியுங்கள். பிறந்த சில நாளிலேயே இந்தப் பரிசோதனை செய்யலாம். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் பிறவிக் காது கேளாமையும் பேச்சுத் தாமதமும் அடங்கும். அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் கேளுங்கள். மூளை மொழியை வேகமாக வாங்கிக்கொள்வது முதல் சில ஆண்டுகளில்தான். ஐந்து வயதுவரை பார்ப்போம் என்றால் அந்தக் காலம் திரும்பி வராது.

அடுத்த முறை உறவில் யாராவது குமரகுருபரரைச் சொன்னால், அவர் பாடிய பிள்ளைத்தமிழையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியர்,
தேவனாம்பட்டினம்.