புகைத்தலைக் கைவிடல்: மனவுறுதி, மருந்து, சமூகம் — ஒரு வரலாற்று நோக்கு

புகைப்பழக்கத்தை விடமுடியாதவனை மனவுறுதி அற்றவனெனக் கருதுதல் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் மன்னன் 1604 ஆம் ஆண்டிலே புகையிலையைக் கண்டித்து ஒரு சிறுநூல் எழுதினான். அன்று தொட்டுப் புகைத்தலை எதிர்த்தோருட் பலர் அதனை ஓர் ஒழுக்கக் குறைபாடாகவே நோக்கினர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்நோக்கு மாறத் தொடங்கியது. அம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதையும், அது நமக்கு உணர்த்துவது யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1950 ஆம் ஆண்டிலே பிரித்தானியாவில் றிச்சாட் டொல், பிரட்போர்ட் ஹில் ஆகியோர் புகைத்தலுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டினர். 1951 இல் அவர்கள் பிரித்தானிய வைத்தியர்களைக் கொண்டு ஒரு நீண்ட ஆய்வைத் தொடங்கினர். 1962 இல் இலண்டன் வைத்தியர் கல்லூரியின் அறிக்கையும், 1964 இல் ஐக்கிய அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கையும் வெளிவந்தன. தீங்கு இன்னதென்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்துவிட்டது. ஆயினும் தீங்கை அறிந்த பின்னரும் கோடிக்கணக்கானோர் புகைத்தே வந்தனர். அறிவு மட்டும் பழக்கத்தை வெல்லப் போதாதெனின், தடையாக நிற்பது எது என்ற வினா எழுந்தது.

இவ்வினாவுக்கு விடை தேடியவர்களின் கவனம் நிக்கொட்டின் மீது திரும்பியது. 1828 இலேயே ஜெர்மனியின் ஹைடல்பேர்க் நகரிற் பிரித்தெடுக்கப்பட்ட பொருள் இது. 1967 இல் சுவீடனைச் சேர்ந்த ஆய்வாளர் கிளாஸ் லுண்ட்கிரென், புகைத்தல் தடைசெய்யப்பட்ட நீர்மூழ்கிக் கப்பல்களிற் பணிபுரிவோர் புகையிலையை வாயில் அடக்கிக்கொள்வதைக் கவனித்து, ஓவ் பேர்னோ என்னும் மருந்தியலாளருக்கு எழுதினார். அவர்கள் நாடியது புகையை அன்று, நிக்கொட்டினையே என்பது இதனாற் புலனாயிற்று. இவ்வாறு தோன்றிய நிக்கொட்டின் மெல்லுபசை 1978 இல் சுவிற்சர்லாந்திலும், 1984 இல் ஐக்கிய அமெரிக்காவிலும் மருந்தாக ஏற்கப்பட்டது.

மெல்லுபசையைத் தொடர்ந்து வந்தது தோலில் ஒட்டும் நிக்கொட்டின் பட்டை. ஈரமான புகையிலையைப் பறிக்கும் தொழிலாளர் சிலர் தலைச்சுற்றும் குமட்டலும் கொண்டு வருந்தினர். தோலினூடாக நிக்கொட்டின் உடலிற் சேர்ந்தமையே அதற்குக் காரணம். தோட்டத் தொழிலாளரை நோயுறச் செய்த இவ்வியல்பை மருந்தாக்க எண்ணினர் கலிபோர்ணியாவைச் சேர்ந்த மறே ஜார்விக், ஜெட் றோஸ் ஆகியோர். பிறர்மீது பரிசோதிக்க இசைவு கிடையாமையால் அவர்கள் தம் தோலின்மீதே புகையிலையை இட்டுப் பார்த்தனர். இவர்களது ஆய்வு 1984 இல் வெளிவந்தது. 1990களின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவில் வைத்தியரின் எழுத்துச் சீட்டுடன் கிடைத்த பட்டை, 1996 இல் சீட்டின்றியே மருந்துக்கடைகளில் விற்பனைக்கு வந்தது.

பட்டையின் செயற்பாடு எளிதானது. சிகரட்டின் நிக்கொட்டின் சில வினாடிகளில் மூளையை அடைகின்றது. பட்டையோ பல மணித்தியாலங்கள் சிறுகச் சிறுக அதனை வழங்குகின்றது. வழக்கமாக நாளொன்றுக்கு 21 மில்லிகிராமில் தொடங்கி, சில வாரங்களின் பின் 14 ஆகவும், பின்னர் 7 ஆகவும் குறைத்து, இறுதியில் நிறுத்திவிடுவர். தாரும் காபனோரொட்சைட்டும் உடலிற் புகாதிருக்க, உடலின் வேட்கை மட்டும் படிப்படியாகத் தணிகின்றது.

எனினும் மருந்தின் கதை வரலாற்றின் ஒரு பாதியே. மறுபாதி மனிதரின் ஊக்குவிப்பைப் பற்றியது. 1979 இல் மைக்கல் றசல் முதலானோர் இலண்டனில் 28 குடும்ப வைத்தியர்களிடம் வந்த 2138 புகைப்போரை ஆராய்ந்தனர். எவ்வித தலையீடும் பெறாதோருள் ஓராண்டின் பின்னும் புகையாதிருந்தோர் நூற்றுக்கு 0.3 வீதத்தினரே. வைத்தியர் ஓரிரு நிமிடம் அறிவுரை கூறி, ஒரு துண்டுப் பிரசுரமும் தந்து, மீண்டும் விசாரிக்கப்படும் என்றும் சொன்னபோது இது 5.1 வீதமாயிற்று. இது சிறுதொகை எனத் தோன்றலாம். ஆனால், நாட்டின் குடும்ப வைத்தியர் யாவரும் இவ்வாறு செய்வாராயின் ஆண்டுதோறும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் விடுதலை பெறுவர் என ஆய்வாளர் கணக்கிட்டனர். 'மீண்டும் விசாரிப்பேன்' என்ற சொல்லுக்கும் இப்பயனிற் பங்குண்டு.

2008 இல் கிறிஸ்ராகிஸ், பவுலர் ஆகியோர் அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் ஆய்விற் பதிவான 12,067 பேரின் உறவுகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிபும் ஈண்டு நோக்கற்பாலது. கணவனோ மனைவியோ புகைத்தலை விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 வீதத்தாற் குறைந்தது; நண்பர் விட்டால் 36 வீதத்தாற் குறைந்தது. ஒருவருடன் ஒருவர் தொடர்புடையோர் கூட்டங் கூட்டமாகவே பழக்கத்தைக் கைவிட்டனர். புகைத்தலைத் தனியொருவனின் குற்றமாகக் காணும் பழைய நோக்குக்கு இதனினும் வலிய மறுப்பு இல்லை எனலாம்.

ஒரு நச்சுக்குப் பதிலாக அதே நச்சைக் கொடுப்பது சிகிச்சையாகுமா எனச் சிலர் வினவுவர். அவ்வையம் முற்றிலும் தள்ளத்தக்கதன்று. நிக்கொட்டின் மருந்துகள் வெற்றிவாய்ப்பை 50 முதல் 60 வீதம் வரை உயர்த்துகின்றன என்று 2018 ஆம் ஆண்டின் பரந்த மீளாய்வு ஒன்று காட்டியது. எனினும் ஒரு முயற்சியில் வெல்பவரினும் தோற்பவரே இன்றும் அதிகம். பட்டை குருதியின் வேட்கையைத் தணிக்குமேயன்றி, தேநீர்க்கடை வாங்கிலில் அருகிருந்து சிகரட் நீட்டும் நண்பனின் கையைத் தடுக்காது. அவ்வாறே, மருந்தின்றிக் கூறப்படும் அறிவுரை உடல் படும் துன்பத்தை அறியாத வெறும் உபதேசமாய் முடியும். இரண்டும் இணையுமிடத்தே பயன் மிகும்.

புகையிலையைப் பணப்பயிராகக் கொண்ட யாழ்ப்பாணத்தை உள்ளடக்கிய இலங்கை, 2003 இல் உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை ஏற்று, 2006 இல் அதற்கென ஒரு சட்டமும் இயற்றியது. சட்டம் விற்பவனைக் கட்டுப்படுத்தலாம். விட முயல்பவனுக்குத் தோள்கொடுப்பது அயலவரின் கடன். டொல் தொடங்கிய ஆய்வின் ஐம்பதாண்டு முடிபு 2004 இல் வெளிவந்தபோது, 60 வயதில் விட்டவர் ஏறத்தாழ மூன்று ஆண்டும், 50 இல் விட்டவர் ஆறும், 40 இல் விட்டவர் ஒன்பதும், 30 இல் விட்டவர் பத்தும் ஆயுளில் மீளப் பெற்றமை தெரியவந்தது. முப்பதை எட்டாத மாணவ சமுதாயத்துக்கு இக்கணக்கு மிக நெருங்கியதாகும். விட முயன்று தோற்ற நண்பனை எள்ளி நகையாடாது, அடுத்த முயற்சிக்குத் துணைநின்று, 'இன்று எப்படி?' என்று நாளும் விசாரிப்பதே இவ்வரலாறு கற்பிக்கும் பாடமாகும்.