வெள்ளிப் பணியின் மறுமலர்ச்சி: காம்டன் தரும் பாடம்

கலை வரலாற்றை ஆராய்வோர் அழகிய பொருள்களையே பெரிதும் நோக்குவர். அவற்றை ஆக்கிய பட்டறையின் வாழ்வை நோக்குவோர் சிலரே. ஆயின், ஒரு தொழின்மரபு தளிர்ப்பதும் பட்டுப்போவதும் பட்டறையிலேயாம். இதற்கு இங்கிலாந்தின் வெள்ளிப் பணி தக்க சான்றாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பேமிங்காம் நகர ஆலைகள் வெள்ளிக் கலங்களை அச்சிலிட்டு அழுத்திக் குவித்தன. 1840இல் எல்கிங்டன் நிறுவனத்தார் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றபின், மலிந்த உலோகமும் வெள்ளிபோல் மின்னலாயிற்று. கைவினைஞன் பொறிக்கு ஏவலாளனானான். இந்நிலையை மாற்ற விழைந்த கட்டடக் கலைஞர் சி. ஆர். ஆஷ்பி, 1888இல் கிழக்கு இலண்டனிலே கைவினைஞர் கழகமொன்றையும் அதனோடிணைந்த பள்ளியொன்றையும் நிறுவினார். பொன், வெள்ளி வேலை பற்றிச் செல்லீனி இயற்றிய நூலை 1898இல் ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்டார்.

அப்பட்டறையிலே வெள்ளித் தகட்டை அடித்து வளைத்தனர். அடியால் இறுகிய தகட்டைத் தீயிற் காய்ச்சி இளக்கி, மீண்டும் அடித்தனர். சுத்தியலின் மெல்லிய தடத்தை மறைத்தாரல்லர். நீண்டு வளைந்த கைபிடிகளும், பதித்த கற்களும், எனாமலுமே அக்கலங்களுக்கு அணியாயின.

1902இல் கழகம் சிப்பிங் காம்டன் என்னும் சிற்றூரின் பழைய பட்டாலைக்குக் குடிபெயர்ந்தது. வாங்குவோரோ இலண்டனில் இருந்தனர். மேலும், 1899 முதல் லிபேட்டி வணிகர் ‘சிம்ரிக்’ என்னும் பெயரில் விற்ற வெள்ளிப் பொருள்களுட் பல, பொறியால் ஆக்கப்பட்டுக் கைவேலைத் தோற்றம் ஊட்டப்பெற்றவை. அவற்றோடு போட்டியிட இயலாது கழகம் 1908இற் கலைந்தது.

கொழும்பிலே 1877இற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி அக்காலத்தில் காம்டனின் அயலிலே வாழ்ந்தார். இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தம் பெருநூலை, அக்கழகத்துக்குரியதாயிருந்த அச்சுப்பொறியிலேயே 1908இல் அச்சிடுவித்தார். கண்டி அரசிலே வினைஞர் அரச பணிக்கெனக் காணி பெற்று வாழ்ந்தமையையும், 1815இல் அரசு வீழ்ந்தபின் அவ்வாதரவு குன்றிக் கைவினை நலிந்தமையையும் அந்நூல் உணர்த்தும். அங்கும் இங்கும் குறைந்தது கைத்திறனன்று. அதனைத் தாங்கிய ஆதரவே.

ஆயினும் காம்டனில் உலை அவியவில்லை. கழகத்து வெள்ளி வினைஞர் ஜோர்ஜ் ஹாட் அப்பட்டாலையிலேயே தங்கினார். அவர் தொழில் மகனுக்கும் பேரனுக்கும் கைமாறி நூறாண்டைக் கடந்தது.

பழைய வடிவங்களைப் பார்த்து வார்த்தெடுத்தல் மறுமலர்ச்சியாகாது. ஆசானருகே அமர்ந்து பயிலும் மாணவனும், கைவேலையின் தரமறிந்து உரிய விலை கொடுப்பவனும் உள்ளவரையே மரபு வாழும். நம் நாட்டுப் பட்டறைகளைப் பேண விரும்புவோர் முதலிற் சிந்திக்கத்தக்கது இதுவேயாம்.